உப்புத் தண்ணீர் சேர்வையா, கலவையா?

சென்ற மாதம் ஒரு கேள்விக்கு விடை சொல்லும்போது, “நீர் சேர்வை, கடல்நீர் கலவை” என்று ஒற்றை வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிட்டேன். முப்பத்திரண்டு வருடம் இரசாயனம் படிப்பித்தவன் செய்யக்கூடாத காரியம். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கே இம்முறை பக்கம் முழுவதும் போகிறது. முருங்கையிலையில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்று கேட்டவர் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

ஐயா, தவணைப் பரீட்சையில் “கடல்நீர் ஒரு சேர்வை” என்று எழுதினேன். ஆசிரியை பிழை போட்டுவிட்டார். நீர் சேர்வை, உப்பும் சேர்வை. இரண்டு சேர்வைகள் சேர்ந்தால் சேர்வைதானே வரவேண்டும்? குவளையில் விட்டுப் பார்த்தாலும் ஒரே பொருளாகத்தானே தெரிகிறது?
— தரம் 10 மாணவி, மூதூர்

மகள், ஆசிரியை பிழை போட்டது சரி. சேர்வை என்றால் மூலகங்கள் நிலையான விகிதத்தில் இணைந்து உண்டான புதுப்பொருள்; கலவையில் அந்தக் கண்டிப்பு இல்லை. ஆனால் வெட்கப்பட ஒன்றும் இல்லை. இதே பிழையை விட்ட ஒரு பெரிய மனிதரைக் கடைசியில் காட்டுகிறேன்.

மூதூர்க்காரருக்கு இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. கொட்டியாரக் குடா போதும். மாரி மழையில் மகாவலி பெருகிக் குடாவில் விழும் நாட்களில் ஆற்றுவாய்ப் பக்கத்துத் தண்ணீரை விரலால் தொட்டு நாக்கில் வையுங்கள். ஆடி வெயிலில் அதே இடத்தில் மறுபடி வையுங்கள். வித்தியாசத்தை நாக்கே சொல்லிவிடும். நடுச்சமுத்திரத்தில் ஒரு கிலோகிராம் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் இருக்கும். ஆற்றுவாயில் அது குறையும். உப்பளத்துப் பாத்தியில் பல மடங்கு கூடும். மூன்றையும் நாம் உப்புத் தண்ணீர் என்றே சொல்கிறோம். இப்படி இடத்துக்கு இடம், மாதத்துக்கு மாதம் விகிதம் மாறியும் பெயர் மாறாமல் நிற்கிற பொருள் கலவைதான்.

இனி நீரை மட்டும் எடுங்கள். மகாவலியில் அள்ளினாலும், கன்னியா வெந்நீர்க் கிணற்றில் அள்ளினாலும், உங்கள் வீட்டுக் கூரையில் வழிந்த மழையைப் பிடித்தாலும், அழுக்கையும் உப்பையும் நீக்கிவிட்டு மிஞ்சுகிற 9 கிராம் நீரில் 1 கிராம் ஐதரசனும் 8 கிராம் ஒட்சிசனும் இருக்கும். ஐதரசனைத் தாராளமாக 2 கிராம் கொடுத்து, ஒட்சிசனை 8 கிராமிலேயே நிறுத்திப் பாருங்கள். ‘ஐதரசன் கூடிய தண்ணீர்’ என்று ஒன்று உண்டாகாது. அதே 9 கிராம் நீர் உண்டாகும். மீதி ஒரு கிராம் ஐதரசன் வாயுவாகவே மிஞ்சி நிற்கும். சேர்வை என்பது அவ்வளவு கறாரான கணக்குப்பிள்ளை.

“இரண்டு சேர்வைகள் சேர்ந்தால்” என்று எழுதியிருக்கிறீர்களே, அந்தச் சொல்தான் உங்களை ஏமாற்றியது. சோறும் கறியும் ஒரே கோப்பையில் சேர்கின்றன. சோறு சோறாகவே இருக்கிறது, கறி கறியாகவே இருக்கிறது. உப்பு தண்ணீரில் கரைந்தபின் கண்ணுக்குத் தெரிவதில்லையே தவிர, கரிப்பு போய்விட்டதா? தண்ணீர் ஈரத்தை விட்டுவிட்டதா? சேர்வையில் அப்படி அல்ல. எரிகிற ஐதரசனும், எரியத் துணைபோகிற ஒட்சிசனும் இணைந்து, நெருப்பை அணைக்கிற தண்ணீர் ஆகின்றன. பெற்றோரின் குணம் பிள்ளையிடம் இல்லை.

நிலாவெளிப் பக்கத்து உப்பளத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். என் மாணவர்களை வருடந்தோறும் பஸ்ஸில் அள்ளிக்கொண்டு போவேன். பாதிப் பேர் கடலில் குளிக்கத்தான் வந்தார்கள் என்பது எனக்கும் தெரியும். அங்கே பௌமே மானி என்று, தண்ணீரின் அடர்த்தியைப் பாகைக் கணக்கில் காட்டும் ஒரு கண்ணாடிக் குழாயை மிதக்கவிடுவார்கள். புதிதாகப் பாய்ச்சிய கடல்நீரில் அது ஏறத்தாழ மூன்றரை காட்டும். வெயில் நீரைக் குடிக்கக் குடிக்கக் குழாய் மேலே எழும்பும். முதலில் சுண்ணாம்புச் சத்தும், பிறகு ஜிப்சமும் பாத்தியின் அடியில் படியும். 25ஐத் தொடும்போது உப்பு விளையத் தொடங்கும். அந்த நேரம் பாத்தியின் ஓரத்தில் குந்தியிருந்து பார்த்தால், தண்ணீரின் மேல் மெல்லிய ஆடைபோல ஒன்று மிதப்பது தெரியும். கிட்டப் போனால் அது ஆடை அல்ல, நகத்தளவுகூட இல்லாத சின்னச் சின்னச் சதுரங்கள். பாரம் ஏறியதும் ஒவ்வொன்றாக அமிழும். 29, 30க்கு மேல் விட்டுவைக்க மாட்டார்கள். எஞ்சிய தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். அதில் மகனீசியம் உப்புகள் மண்டிக் கிடக்கும். ஒரு துளி நாக்கில் பட்டால் வேப்பங்கொழுந்து நினைவுக்கு வரும். ஒரு பொருள் என்று நீங்கள் எழுதிய கடல்நீர், வெயிலைத் தவிர வேறெதுவும் தொடாமல், பாத்தி பாத்தியாகப் பிரிந்து கிடக்கிறது.

ஆனால் அங்கே வாரிய உப்பை அதே வெயிலில் நூறு வருடம் காயவைத்தாலும் சோடியம் ஒரு பக்கம், குளோரீன் ஒரு பக்கம் என்று பிரியாது. 801 பாகை செல்சியசில் உருக்கி, மின்சாரம் பாய்ச்ச வேண்டும். வெயிலுக்குப் பிரிவது கலவை, மின்சாரத்துக்குப் பிரிந்தது சேர்வை என்று இதைச் சூத்திரமாக்கி மனப்பாடம் செய்துவிடாதீர்கள். சில சேர்வைகள் சும்மா சூடாக்கினாலே பிரியும். ஒரு பொருள் புதிதாகப் பிறந்ததா, முன்பே இருந்தது வெளியே வந்ததா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பெரிய மனிதர் பிரான்சின் இரசாயனவியலாளர் பெர்த்தோலே. சேர்வைகளின் விகிதம் மாறக்கூடியது என்று அவர் வாதாடினார். நிலையானது என்று அவருடன் மல்லுக்கு நின்றவர் புரூஸ்ட். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கி அடுத்த நூற்றாண்டுக்குள்ளும் நீண்ட சண்டை அது. ஆனால் மரியாதையான சண்டை. பெர்த்தோலே சாட்சிக்குக் கூப்பிட்டவற்றில் கரைசல்களும் கலப்புலோகங்களும் இருந்தன. அதாவது, கலவைகளைச் சேர்வை என்று எண்ணிக்கொண்டார். உங்களுக்குப் போனது ஒரு புள்ளிதான், மகள்.

தங்கம் மூலகம் என்று மகன் படிக்கிறான். வீட்டில் இருப்பது 22 கரட் நகை. அது மூலகமா?
— உப்புவெளி வாசகர்

இல்லை. மூலகம் என்றால் ஒரே வகை அணு மட்டும் இருக்க வேண்டும். இதில் 24 பங்கில் 22 பங்கு தங்கம், மீதி செம்பும் வெள்ளியும் போன்றவை. நூற்றுக்கு 91.6, நகையில் 916 என்று பொறிப்பது அதைத்தான். 18 கரட் என்றால் 75. விகிதத்தைக் கடைக்காரர் தீர்மானிக்கலாம் என்றால் அது சேர்வையாக இருக்க முடியாது, கலவை. எங்கே வெட்டினாலும் ஒரே சீராக இருப்பதால் ஏகவினக் கலவை. இதை வீட்டில் அறிவிக்கும் முன் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். “என் தாலிக்கொடி கலவையா?” என்று என்னிடம் ஒரு முறை கேட்கப்பட்டது.

ஒட்சிசன் வாயுவில் இரண்டு அணுக்கள் பிணைந்திருக்கின்றன. பிணைந்திருந்தால் சேர்வைதானே? தரம் 9 படிக்கும் மகளுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.
— ஒரு தாய், திருகோணமலை நகர்

இரண்டும் ஒட்சிசன் அணுக்களே. வேறு வேறு மூலகங்களின் அணுக்கள் பிணைந்தால்தான் சேர்வை. ஒட்சிசன் வாயு மூலகம். அதன் துணிக்கை மூலக்கூறு. மூலக்கூறு என்ற சொல்லைக் கேட்டதும் சேர்வை என்று எழுதுவது பிள்ளைகளுக்குப் பழகிப்போன தவறு. மூன்று ஒட்சிசன் அணுக்கள் பிணைந்தால் ஓசோன், அதுவும் மூலகமே.

இரும்பரத்தூளையும் கந்தகத்தூளையும் கலந்து சூடாக்கிக் காட்டினேன். சேர்வை ஆனபின் காந்தம் இழுக்காது என்று புத்தகத்தில் இருக்கிறது. என்னுடையதைக் காந்தம் இழுத்தது. வகுப்பில் சிரித்துவிட்டார்கள். எங்கே பிழை?
— புதிதாக நியமனம் பெற்ற ஆசிரியர், தம்பலகாமம்

தம்பி, வாருங்கள், பக்கத்தில் உட்காருங்கள். எனக்கும் முதல் வருடத்திலேயே இது நடந்தது.

தராசு பூட்டிய அலுமாரிக்குள் இருந்தது, திறப்பு வேறொருவர் வீட்டில் இருந்தது. கண்மட்டத்தில் ஒரு கரண்டி இரும்பு, ஒரு கரண்டி கந்தகம் போட்டேன். இரும்பு பாரமானது என்று அந்த அவசரத்தில் தோன்றவில்லை. சோதனைக்குழாயைச் சூடாக்கியபோது அடியில் செந்தணல் பிடித்தது. சுடரை எடுத்துவிட்டேன், தணல் தானாகவே குழாயில் மேலே மேலே ஏறியது. அந்தக் காட்சிக்கு வகுப்பே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது. ஆறியதும் குழாயைத் துணியில் சுற்றி உடைத்து, கறுத்த கட்டியை எடுத்து, “இனிக் காந்தம் இதைத் திரும்பியும் பார்க்காது” என்று அறிவித்துவிட்டுக் காந்தத்தைக் கிட்டக் கொண்டுபோனேன். கட்டி பாய்ந்து ஒட்டிக்கொண்டது. “சேர், இது சேர்வை இல்லை, சேர்!” என்று பின்வாங்கில் இருந்து ஒரு குரல். எங்கள் ஊரில் ஆசிரியரைச் சேர் என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த வருடம் முழுவதும் எனக்குச் ‘சேர்வை இல்லை சேர்’ என்றே பட்டப்பெயர்.

பிழை விகிதத்தில். இரும்பு 56, கந்தகம் 32 என்ற கணக்கு. சுருக்கினால் 7 கிராமுக்கு 4 கிராம். அதற்கு மேல் இட்ட இரும்புக்குச் சோடி கிடைக்காது. அது இரும்பாகவே கட்டிக்குள் ஒளிந்திருந்து காந்தத்துக்குக் கை காட்டும். நிறுத்துப் போடுங்கள். சூடாக்கும்போது கொஞ்சக் கந்தகம் எரிந்தும் ஆவியாகியும் போய்விடும் என்பதால் கந்தகத்தை ஒரு சிட்டிகை கூட்டியே போடுங்கள். தூள்களை உரலில் நன்றாகக் கலவுங்கள்.

அப்படியும் காந்தச் சோதனை சில வேளை காலை வாரிவிடும். அதனால் நான் பின்னாளில் அமிலத்தை நம்பினேன். வெறும் கலவையில் ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் சில துளி விட்டால் இரும்பிலிருந்து ஐதரசன் குமிழ்விடும். மஞ்சள் கந்தகம் சும்மா கிடக்கும். கறுப்புக் கட்டியில் விட்டால் கூழ்முட்டை நாற்றம் எழும்பும். அது ஐதரசன் சல்பைட்டு, நஞ்சு. ஆகவே பயற்றளவு துண்டு, ஓரிரு துளி, யன்னல்கள் எல்லாம் திறந்து, நீங்களே செய்து காட்டுங்கள்; பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டாம். காற்று வரும் திசையையும் பாருங்கள். நான் ஒரு வைகாசியில் கச்சான் காற்றை மறந்து செய்தேன். நாற்றம் நேரே அதிபரின் அறைக்குப் போய்ச் சேர்ந்தது.

புல்மோட்டைக் கறுப்பு மணல் எந்த மூலகம்? ஒருவர் இரும்பு என்கிறார், ஒருவர் தைத்தேனியம் என்கிறார்.
— குச்சவெளி வாசகர்

இருவரும் பாதி சொன்னார்கள். ஒரு பிடி அள்ளி வெள்ளைக் கடதாசியில் பரப்பி, உருப்பெருக்குக் கண்ணாடியால் பாருங்கள். கறுப்பு மணிகள் பெரும்பாலும் இல்மனைற்று. செங்கபிலமாக மின்னுவது உரூத்தைல். கண்ணாடித் துகள்போல நிறமின்றி இருப்பவற்றில் சிர்க்கோன் இருக்கும், சாதாரணக் கடற்கரைப் படிகமும் இருக்கும். இடையில் இளஞ்சிவப்பாகத் தெரிந்தால் காணற்று. ஆகவே மணல் ஒரு பல்லினக் கலவை. ஆனால் ஒவ்வொரு மணியும் தன்னளவில் ஒரு சேர்வை: இல்மனைற்றில் இரும்பு, தைத்தேனியம், ஒட்சிசன், உரூத்தைலில் தைத்தேனியமும் ஒட்சிசனும், சிர்க்கோனில் சிர்க்கோனியம், சிலிக்கன், ஒட்சிசன்.

மணலைப் பிரிக்க இரசாயனத் தாக்கம் எதுவும் வேண்டாம். தண்ணீரோடு சுழலவிட்டால் பாரமான மணிகள் ஒதுங்கும். பலமான காந்தம் இல்மனைற்றை இழுத்துக்கொள்ளும். உரூத்தைல் ஓரளவு மின்னைக் கடத்தும், சிர்க்கோன் கடத்தாது. அந்த வித்தியாசத்தை வைத்து அவை இரண்டையும் பிரிப்பார்கள். பழுதான கணினியின் வன்தட்டுக்குள் இருக்கிற காந்தத்தை ஒரு மெல்லிய பையில் சுற்றி மணல் மேல் ஓட்டிப் பாருங்கள், கறுப்பு மணிகள் மயிர்க்கொட்டி போலச் சிலிர்த்துக்கொண்டு ஒட்டும். அந்த மணிக்குள் இருக்கிற தைத்தேனியத்தை எடுப்பதுதான் தொழிற்சாலை வேலை. கறுப்பு மணலில் இருந்து வெள்ளைப் பூச்சுக்கான தூள் கிடைக்கிறது என்பதை நம்ப மறுத்த ஒரு மேசனை எனக்குத் தெரியும்.

இதில் நமக்குக் கொஞ்சம் பெருமைப்பட இடம் உண்டு. 1789இல் பேர்லினில் கிளப்ரோத் என்ற இரசாயனவியலாளர் ஆராய்ந்தது இலங்கையில் இருந்து போன ஒரு சிர்க்கோன் கல்லைத்தான். அதற்குள் புதிய மூலகம் ஒன்று இருக்கிறது என்று அவர் கண்டார். ஆனால் கையில் பிடிக்கவில்லை. சுத்தமற்ற உலோகமாக அதை முதலில் பிரித்தெடுத்தவர் பெர்சேலியஸ், 1824இல். முப்பத்தைந்து வருடம் அந்தச் சேர்வை தன் மூலகத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தைத்தேனியத்தின் கதை இன்னும் நமக்குக் கிட்ட வருகிறது. 1791இல் இங்கிலாந்தின் கோண்வாலில் வில்லியம் கிரெகர் என்ற பாதிரியார், காந்தத்தில் ஒட்டிய கறுப்பு மணலை ஆராய்ந்துதான் அதைக் கண்டார். புல்மோட்டைக் கரையில் செருப்பில் ஒட்டுகிற அதே சாதி மணல்.

சென்னையில் இருக்கும் என் பேத்தி தனிமம், சேர்மம், வேதியியல் என்கிறாள். நாங்கள் மூலகம், சேர்வை, இரசாயனம் என்று படித்தோம். எது சரி?
— ஓய்வுபெற்ற தபாலதிபர், நிலாவெளி

இரண்டும் சரி. அவள் ஆக்சிஜன் என்பாள், நீங்கள் ஒட்சிசன் என்பீர்கள், மூச்சு ஒன்றுதான். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தார். அறிவியல் தமிழில் நமக்கும் பழைய பங்கு உண்டு. ஆனால் என் கட்சியை ஒளிக்க மாட்டேன். ‘தனிமம்’ நல்ல சொல். தனித்து நிற்பது என்று கேட்டவுடன் விளங்குகிறது. ‘மூலகம்’ அவ்வளவு பேசாது. சேர்வை, சேர்மம் இரண்டில் எனக்குச் சேர்வை பிடிக்கும், மேலே சொன்ன பட்டப்பெயர் இருந்தும். பேத்தியுடன் தொலைபேசியில் சண்டை பிடிக்க வேண்டாம். ‘கலவை’ என்பதை அவளும் கலவை என்றுதான் சொல்வாள், அங்கிருந்து தொடங்குங்கள்.

கன்னியாவில் ஏழு கிணறுகள் பக்கத்துப் பக்கத்தில் இருந்தும் ஏழும் வேறு வேறு சூடு. அந்தத் தண்ணீரில் சூட்டைத் தரும் பொருள் என்ன? அது மூலகமா, சேர்வையா?
— கந்தளாய் வாசகர்

இந்தக் கேள்வியை இராவணன் கதையோடு அனுப்பியிருக்கிறீர்கள். தாயின் கிரியைக்காக அவன் வாளால் ஏழு இடத்தில் குத்தினான் என்பது நம் எல்லோருக்கும் பாட்டி சொன்னதுதான். அதில் நான் கை வைக்கவில்லை. சூட்டுக்கு மட்டும் பதில் சொல்கிறேன்.

சூடு பொருள் அல்ல. மழைநீர் பாறைப் பிளவுகள் வழியாக மிக ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே பாறைகள் சூடானவை. சுட்ட தண்ணீர் வேறு பிளவு வழியாக மேலே வருகிறது. எந்த வழியாக வருகிறது, வழியில் குளிர்ந்த நிலத்தடி நீர் எவ்வளவு கலக்கிறது என்பதைப் பொறுத்துக் கிணற்றுக்குக் கிணறு சூடு மாறலாம். தண்ணீர் அதே தண்ணீர். வரும் வழியில் கரைத்துக்கொண்ட உப்புகள் மட்டும் ஊருக்கு ஊர் வேறுபடும்.

ஆனால் ‘சூடு என்ன பொருள்’ என்று கேட்டதற்காக உங்களைச் சிரிக்க மாட்டேன். நவீன இரசாயனத்தின் தந்தை என்று நாம் சொல்கிற லவோசியரே 1789இல் மூலகங்களின் பட்டியல் போட்டபோது 33 பெயர்கள் எழுதினார். அதன் தலையிலேயே ஒளியும் வெப்பமும் இருந்தன. வெப்பம் ஒரு மெல்லிய பாய்பொருள், பொருளுக்குள் புகுந்தால் சூடாகும் என்று எண்ணினார். அதே பட்டியலில் சுண்ணாம்பும் மூலகமாக இருந்தது. அவர் ஏமாளி அல்லர். எதையும் அதற்கு மேல் பிரிக்க முடியாவிட்டால் இப்போதைக்கு மூலகம் என்று வைப்போம் என்பதுதான் அவருடைய விதி. சுண்ணாம்பைப் பிரிக்க அவர் காலத்தில் வழி இருக்கவில்லை. 1808இல் டேவி மின்சாரத்தால் அதைப் பிரித்துக் கல்சியத்தை வெளியே எடுத்தார். அதைப் பார்க்க லவோசியர் இல்லை. 1794இலேயே அவருடைய தலையை வெட்டிவிட்டார்கள்.

நீங்கள் கந்தளாயில்தானே இருக்கிறீர்கள். அடுத்த முறை கன்னியாவுக்குப் போகும்போது ஏழு போத்தல் கொண்டுபோங்கள். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு லீற்றர் எடுத்து, பெயரொட்டி, வீட்டில் சுத்தமான சட்டியில் வற்றவிட்டு, அடியில் மிஞ்சுகிற வெள்ளைப் படிவைச் சுரண்டி நிறுத்துப் பாருங்கள். குளத்துத் தண்ணீரிலும் ஒரு லீற்றர் வற்றவிடுங்கள், ஒப்பிட உதவும். எட்டு நிறையையும் எழுதி அனுப்பினால் இதே பக்கத்தில் போடுகிறேன்.